பாரீஸ் மருமகளுக்கு ஒரு ஃப்ளெக்ஸ்

— சடையா வைக்கச் சொல்றீக அண்ணாச்சி? இந்தப் பிள்ள தலையில முடியே ஒரு விரக்கடைதான் இருக்கு.

— அதுக்குத்தானம்மா அருப்புக்கோட்டையில இத்தன ஃப்ளெக்ஸ் கடை இருந்தும் உங்கிட்ட வந்தது. நீட்டமா ஒரு சடை, ரெண்டு முழம் மல்லிகைப்பூ. கம்ப்யூட்டர்ல வராதா?

— வரும். தோள்ல பச்சை குத்திருக்காகளே, அத என்ன செய்ய?

— பட்டுச் சேலையப் போத்திவிடு பர்வீனு. பிரான்சே கொண்டாடுற பாடகிதான், இல்லேங்கல. ஆனா திருச்சுழி பஸ்ஸ்டாண்டுல நிக்கும்போது இந்தச் சௌந்தரபாண்டியன் தங்கச்சி மகளா நிக்கணும். நம்ம ரத்தம்ல!

— சரிங்க. மேல என்ன எழுத?

— எழுதிக்க. 'பிரான்சு நாட்டையே ஆட்டிப் படைக்கும் பாட்டரசி, பாரீஸ் பைங்கிளி அருஞ்சுனை அவர்களே வருக வருக.'

— அங்க 'சுனை'ன்னுதான பேரு வச்சுப் பாடுறாக?

— வெள்ளக்காரன் வாயில அம்புட்டுத்தான் நுழையும். நாம முழுசாப் போடுவோம். கீழ அவ வரலாறு. 'அஞ்சு வயதிலேயே முறைப்படி சங்கீதம் பயின்று...'

— எங்க பயின்றாகளாம்?

— எங்கயாச்சும் பயின்றிருப்பால்ல.

— நான் அவுக பேட்டியப் பாத்தேன் அண்ணாச்சி. அப்பா ஓட்டல்ல பாத்திரம் கழுவுனாராம். இந்தப் பிள்ள பள்ளிக்கூடம் விட்டதும் சுரங்க ரயில் டேசன்ல கிட்டார வச்சுக்கிட்டு, முன்னால தொப்பிய மல்லாக்கப் போட்டுப் பாடுமாம்.

— ஐயையோ, அத எழுதிராத. 'இளம் வயதிலேயே பாரீஸ் பெருநகரில், பல்லாயிரம் பொதுமக்கள் முன்னிலையில்'னு போடு.

— டி.வி. போட்டியில மொத சுத்துலயே வெளிய அனுப்பிட்டாகளாம். தொண்டை கரகரங்குதுன்னு.

— 'டி.வி. புகழ்'னு போடு.

— உங்களுக்கு எலெக்சன்ல நிக்கிற யோகம் நல்லாவே இருக்கு.

— கிண்டலா? அந்தா, போன் வருது. பாத்தியா, ப்ளஸ் முப்பத்து மூணு, பிரான்சு! அலோ... ஆமா, ஆமா... தேங்ஸ்மா, தேங்ஸ்... வச்சுட்டா. ரெண்டு மாசமா இதே சோலிதான் தாயி. பொம்பளப் பிள்ளைகளாக் கூப்புட்டு ரெண்டு வரி பாடுதுக. சிலது சிரிக்குது, சிலது அழுதே போடுது. தாய்மாமன்னா அங்கயும் ஒரு மரியாதை இருக்கத்தான் செய்யுது.

— உங்க நம்பரு அவுகளுக்கு எப்பிடிக் கெடச்சுச்சாம்?

— மருமக சொல்லிருப்பா. செல்லு வந்த காலத்துல சொல்லி வச்சு வாங்குன பேன்சி நம்பரு. இன்னைக்கு வரைக்கும் மாத்தல.

— அதுவும் நல்லதாப் போச்சு. சரி, அப்பா தவசி படத்த எங்க வைக்க?

— அவன் எதுக்கு?

— பெத்தவருல்ல அண்ணாச்சி.

— எங்க காட்டுல களையெடுத்தவ மகன என் படத்துக்குப் பக்கத்துலயா வைக்கச் சொல்ற? 'பெற்றோர்'னு ஒரு வார்த்தை போடு. அதுக்குள்ள அவனும் அடங்கிருவான்.

— அம்மா முத்துப்பேச்சி அக்கா படமாச்சும்?

— அது... எல்லாத்தையும் அன்னைக்கே எரிச்சாச்சு.

— ஒண்ணே ஒண்ணு, அப்ப அச்சாபீஸ் நடத்துன எங்க அத்தாகிட்டக் குடுத்தீகளே. அக்கா தவசியோட போன மறுநாளு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க.

— ஏம்மா, அது எதுக்கு இப்ப? அப்ப ஊருக்குள்ள தலை காட்ட முடியல. பங்காளிக சொன்னாக, அடிச்சேன். ஊரு ஒலகத்துல நடக்காததா?

— உசுரோட இருக்குற பிள்ளைக்கு.

— விடு, விடு. வெள்ளிக்கிழமை ஆத்தாளும் மகளும் வாராகன்னு ஊரே பேசுது. காரவிட்டு எறங்குனதும் மொத மாலை என் மாலையா இருக்கணும். என்னய எதுத்து நிக்கிற அந்த ராஜபாண்டிப் பய முந்திட்டான்னா, நான் பிரசிடெண்டுக்கு நிக்கிறதும் ஒண்ணுதான், வீட்ல படுத்துக் கெடக்கிறதும் ஒண்ணுதான். அதான் என் படம் பெருசா இருக்கணுங்கிறேன்.

— அப்பத் தெளிவான படமாக் குடுங்க.

— இந்தா, செல்லுல அனுப்பிட்டேன். ஸ்டூடியோவுல மீசைய முறுக்கிவிட்டு எடுத்தது.

— வந்துருச்சு. சிரிக்காம விறைப்பா இருக்கீக. அதுவும் தோதுதான். ஆமா, அவுகளத் தூக்கிவிட்ட அந்தப் பாட்ட முழுசாக் கேட்டிருக்கீகளா?

— புரியாத பாசை, என்னத்தக் கேக்க? பன்னெண்டு கோடிப் பேரு பாத்திருக்கான்னு என் மகன் சொன்னான். அந்தக் கணக்க மறக்காம ஃப்ளெக்ஸ்ல போட்ரு.

— இந்தா போடுறேன், கேளுங்க.

— அட! இதத்தான போன்ல பாடுதுக! எப்பிடி இழுக்குறா பாரு. நம்ம ரத்தம்ல!

— அது வெறும் நம்பரு அண்ணாச்சி. பிரெஞ்சுல ஒவ்வொண்ணாச் சொல்லிப் பாடுறாக. கீழ எழுத்து ஓடுது பாருங்க. ஒம்போது, எட்டு, நாலு, நாலு...

— ஏய், இது என் நம்பருல்ல?

— அடுத்த வரியையும் சொல்லிர்றேன். 'இது எங்க மாமா நம்பரு. போன் போட்டு, எங்கம்மா இன்னும் சாகலைன்னு சொல்லுங்க.'

— என்னம்மா சொல்ற?

— பாட்டோட அட்டைப் படம் எதுன்னு பாருங்க. ரெண்டு நாளு ஒளிஞ்சிருந்துட்டு பஸ் ஏறப் போனப்ப செவுத்துல பசை காயாம இருந்துச்சாம். அக்கா அப்பிடியே உரிச்சுக் கொண்டு போயிருக்காக. அவுக படம், அடியில 'வருந்தும் அண்ணன் சௌந்தரபாண்டியன்', அதுக்கும் கீழ உங்க பேன்சி நம்பரு. நீங்கதான் அண்ணாச்சி நெசமாவே பிரான்ஸ் புகழ்.

— பன்னெண்டு கோடிப் பேருமா பாத்துட்டான்?

— அவுகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, கவலப்படாதீக. நம்ம ஊர்லதான் தெரியும்.

— நான் தேங்ஸ் சொன்னேனேம்மா... ஒவ்வொருத்திக்கும் தேங்ஸ் சொன்னேனே. ஃப்ளெக்ஸ நிப்பாட்டு. இல்ல, நிப்பாட்டாத. பேச்சி நெசமாவே வாராளா? அத மட்டும் சொல்லு.

— வாராக. போன வாரம் அவுகளே எங்கிட்டப் பேசுனாக. போஸ்டர் அடியில எங்க அச்சாபீஸ் பேரும் இருந்துச்சுல்ல, அத வச்சுப் பிடிச்சுட்டாக.

— என்னய எதும் கேட்டாளா? அண்ணன் நல்லாருக்கானான்னு ஒரு வார்த்தை?

— கேக்கல அண்ணாச்சி. ஒரு போஸ்டர் ஆர்டர் குடுத்தாக. அதே அளவு, அதே எழுத்து, அதே கறுப்புக் கரை; கீழ 'வருந்தும் தங்கை முத்துப்பேச்சி.' மேல வைக்க உங்க படம் ஒண்ணுதான் இல்லாம நின்னுச்சு.