எட்டடி எழுத்து

மணி பத்து இருவது சார். உள்ள நாப்பத்தியெட்டு புள்ளைங்க. கிளாஸ் எடுக்கறது ஏசுதாஸ் சார், மேத்ஸ். ஆமா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவங்களுக்குக் காட்டணும்னு பிரின்சிபால் எடுத்து வச்ச கிளாஸே இதான். உங்ககூட வந்த ரெண்டு சாரும் பின்னாடி ஏசிக்கு அடியில செட்டிலாய்ட்டாங்க. நீங்கதான் முன்னாடி போய் ஒக்காந்தீங்க. ஒண்ணும் தெரியலையா? பசங்க ஒசரம் ஒசரமா மறைக்கிறாங்களா? அதான் சொல்றேன், இங்கியே இருங்க சார். இந்தக் கண்ணாடி வழியா செவுரு பூரா தெரியும். அவர் பேசறதும் ஸ்பீக்கர்ல வருது.

ஒக்காருங்க. அந்தச் சேர் வேணாம், அதுக்கு ஒரு காலு ஆட்டம். இதுல ஒக்காருங்க. டீ சொல்லட்டுமா? வேணாமா, சரி.

நானா? மார்கரெட் சார். இந்த ரூம பாத்துக்கறது நான்தான். இந்தக் காலேஜ்ல நவம்பர்லதான் சேந்தேன். அதுக்கு முன்னாடி புதுப்பட்டினத்துல ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சர். எம்எஸ்சி. ஆமா சார், எம்எஸ்சி படிச்சிட்டு ஒயர் சொருகற வேலைக்கு எதுக்கு வந்தேன்னு எங்கம்மாவும் இதையேதான் கேட்டுகினு கீது.

ஒரு நிமிஷம் சார். அடுத்த லைனுக்கு வந்துட்டார்.

இதுவா? இது பேக்கப். டேப்லட் ரெண்டு கீது. ஒண்ணு அவர் மேசைல, ஒண்ணு இங்க. இதுல பேனாவால எழுதினா ப்ரொஜெக்டர் வழியா செவுத்துல பெருசா வுழும். அவர் எழுத எழுத நானும் கூடவே எழுதிகினு வருவேன். அங்க புட்டுகிச்சின்னா இங்கேருந்து செவுத்துக்கு அனுப்பலாம்ல. இது கடலோரம் சார், எதையும் நம்ப முடியாது. போன மாசம் ப்ரொஜெக்டர்ல ஃபேன் உப்பு புடிச்சி நின்னுபோச்சி. நடு கிளாஸ்ல.

நல்ல சாமான்தான் சார், இல்லன்னு சொல்லல. வாத்தியார் முதுகு காட்டத் தேவையில்ல, புள்ளைங்கள பாத்துகினே எழுதலாம். சாக்பீஸ் தூள் இல்ல. எழுதினது மொத்தமும் சர்வர்ல போய் ஒக்காந்துக்கும், அழிக்கிறதுக்குள்ள எழுதணுமேன்னு புள்ளைங்க ஓடவேணாம். ஆனா எல்லாருக்கும் இது ஒத்துவராது. போர்டுல எழுதும்போது தோள்லேர்ந்து முழுக் கையும் போகும். கொஞ்சம் கோணினாலும் பெருசா தெரியாது. இதுல நுனிவெரல்ல எழுதணும். இங்க மயிரு கனத்துக்கு ஒதறினா அங்க செவுத்துல எட்டடிக்கு ஒதறும். அம்பது வயசுக்காரங்க நாலு பேர் மொத வாரமே வேணாம்னு திருப்பிக் குடுத்துட்டாங்க.

ஏசுதாஸ் சாரா? அவருக்கு அம்பத்திரெண்டு. அவர் மட்டும் விடாம புடிச்சிகினார். பாருங்களேன், அச்சடிச்ச மாதிரி இல்ல? பிரின்சிபால் அந்த எழுத்தப் பாத்துட்டுத்தான் இந்தக் கிளாஸயே எடுத்து வச்சார். இத்தினிக்கும் மனுஷன் வேணாம், வேற யாரையாவது போடுங்கன்னு ரெண்டு வாட்டி சொல்லிப் பாத்தார்.

எங்க சார் எந்திரிச்சிட்டீங்க? இருங்க, இப்பத்தான் முக்கியமான எடம் வருது. ஈ பவர் எக்ஸ் இன்டூ காஸ் எக்ஸ், இன்டக்ரேஷன். இதுல எப்பவும் புள்ளைங்க வழுக்கி வுழுவாங்க. இங்கேருந்தே பாருங்க, அங்க போனா மறுபடியும் அந்தப் பசங்க தலதான் தெரியும். மத்யானம் ஒங்களுக்கு கோவளத்துல மீன் சாப்பாடாம், அப்புறம் மாமல்லபுரமாம். வெயில்ல நடக்கணும், இப்பவே கால நீட்டி ஒக்காருங்க.

பிரின்சிபாலா? நல்லவர்தான். கொஞ்சம் அவசரக்காரர். இன்னிக்குக் காலைல ஏசுதாஸ் சாரக் கூப்ட்டு, இந்தக் கிளாஸ் சொதப்பிச்சின்னா நாளைலேர்ந்து நீங்க வரவேணாம்னு சொல்லிட்டார். சிரிச்சிகினேதான் சொன்னார். போன வருஷம் கன்னியம்மா மேடத்துக்குத் தொண்ட கட்டிகிச்சி. டாக்டர் ரெண்டு மாசம் பேசக் கூடாதுன்னார். மேடம் லீவு கேட்டாங்க. அடுத்த திங்கக்கெழமை டைம் டேபிள்ல அவங்க பேரே இல்ல. இத நான் சொன்னதா நீங்க எங்கியும் சொல்ல வேணாம்.

ஒரு நிமிஷம்.

ம். பயமா? எனக்கு இன்னா சார் பயம். ஏசிதான் ஜாஸ்தியா வச்சிட்டாங்க. அவருக்குத்தான் பாவம், காலைல ஒரே ஒரு இட்லி. அதுவும் பாதி தட்டுலயே கெடந்தது. எனக்கு எப்பிடித் தெரியுமா? கேன்டீன்ல பாத்தேன்.

சார் கொஞ்சம் இந்தப் பக்கம் நவுந்துக்குங்க, கண்ணாடி மறைக்கிது.

ஆங். இன்னா சார்? மைனஸ்னு சொன்னாரா? எனக்குக் கேக்கலியே. பிளஸ்தான் சார் அங்க, மைனஸும் மைனஸும் சேந்து பிளஸ். இல்ல, அது கரெக்ட்டுதான், செவுத்துல பிளஸ்னுதான எழுதியிருக்கு.

ஆமா. அவர் வாய் மைனஸ்னுச்சி.

ஆமா சார், நான் மொதல்லியே பிளஸ் போட்டுட்டேன். அவர் சொல்றதுக்கு முன்னாடியே.

பாத்துட்டீங்க. சரி. கைய நிறுத்த முடியாது சார், நின்னா அங்க செவுரு நின்னுடும். எழுதிகினே பேசறேன், கோவிச்சிக்காதீங்க.

அங்க அவர் மேசைல இருக்கற டேப்லட்டுல பேனா வேல செய்யாது. நான்தான் ஆஃப் பண்ணி வச்சிகீறேன். அவர் கண்ணாடி மேல சும்மா கைய ஓட்டறார். செவுத்துல வர்றது பூரா இங்கேருந்து வர்றது. இன்னிக்கு மட்டும் இல்ல, நவம்பர்லேர்ந்து. அக்டோபர்ல இந்த டேப்லட்டு வந்த அன்னிக்குத்தான் அவர் கை ஒதறறது அவருக்கே தெரிஞ்சிது. எட்டடிக்குத் தெரிஞ்சிது. வூட்டுக்கு வந்து வெளக்கு போடாம ஒக்காந்துகினு இருந்தார். நரம்பு டாக்டர்கிட்ட போனோம். இனிமே நாளுக்கு நாள் ஜாஸ்திதான் ஆவும், கொறையாதுன்னுட்டார். மறுநாளே நான் ஸ்கூல் வேலைய வுட்டுட்டு இங்க வந்து இந்த வேலைக்கு எழுதிப் போட்டேன்.

வூட்டுக்காரர் சார். இருவத்திநாலு வருஷம் ஆவுது.

இந்தப் பாடத்த வூட்ல சாப்பாட்டு மேசைல வச்சி ஓட்டி ஓட்டிப் பாத்தாச்சி. அவர் பேசுவார், நான் எழுதுவேன். எந்த எடத்துல இருமுவார்னுகூட எனக்குத் தெரியும். மைனஸ்னு சொல்லுவார்னுதான் தெரியல. வூட்ல ஒரு வாட்டிகூட தப்பா சொல்லல.

புள்ளைங்களுக்கா? தெரியுமே. அவர் ஏழு போட்டா நடுவுல ஒரு கோடு இழுப்பார், நான் இழுக்கமாட்டேன். மொத வாரமே கண்டுபுடிச்சிட்டாங்க. ஒருத்தன்கூட வாய் தொறக்கல. இன்னிக்கு அந்த ஒசரமான பசங்க எதுக்கு முன் பெஞ்சுல வந்து ஒக்காந்துகினு கீறாங்கன்னு நெனச்சீங்க? எப்பவும் கடைசி பெஞ்சுல தூங்கறதுங்க சார் அதுங்க. நாங்க யாரும் சொல்லல. அதுங்களே வந்து ஒக்காந்திச்சிங்க. அந்த எடத்துலேர்ந்து பாத்தாதான் அவர் கை தெரியும். ஆனா நீங்க எழுந்து நின்னு எட்டிப் பாக்க ஆரம்பிச்சிட்டீங்க. அதுக்குத்தான் அவர் எழுதாம பேசிகினு இருந்த நேரமா பாத்து ஓடியாந்து மெஷினக் காட்டறேன் வாங்கன்னு ஒங்கள இங்க இட்டாந்தேன். அப்பலேர்ந்து வாய் ஓயாம பேசிகினு கீறேன். எனக்கு இவ்ளோ பேச வராது சார்.

ஏமாத்துதான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா பாடம் அவருது. அந்தக் கணக்குல எங்க வழுக்கும், எந்தப் பையனுக்கு எப்பிடிச் சொன்னா புரியும், அதெல்லாம் எனக்கு வராது. என்து கை மட்டும்தான்.

எழுந்துட்டீங்களா. ரெண்டு கதவு சார். இடதுபக்கம் போனா கிளாஸ். வலதுபக்கம் போனா பிரின்சிபால் ரூம். நான் தடுக்க முடியாது, எனக்கு இன்னும் நாலு லைன் கீது.

இன்னா சார்? டீயா?

இப்ப சொல்லட்டுமா? சரி. கதவாண்ட பியூன் அப்பாசாமி நின்னுகினு இருப்பார், கொஞ்சம் நீங்களே சொல்லிடுங்க, எனக்குக் கை வேலையா கீது. சக்கர கம்மியா போடச் சொல்லுங்க, இல்லன்னா பாயசம் மாதிரி எடுத்தாந்துடுவார். ஒக்காருங்க சார். பெல் அடிக்க இன்னும் பத்து நிமிஷம் கீது, குடிச்சிட்டே போலாம்.

ரொம்ப நாளைக்கு இல்ல சார். இந்த செமஸ்டர் மட்டும் முடிச்சிக் குடுத்துடணும்னார். 2008 ஏப்ரல் முப்பது, புதன்கெழம, அவருக்குக் கடைசி கிளாஸ்.