எரிமலைக் குளத்தின் திறப்புவிழா

பூமித்தாய் தன் வயிற்று நெருப்பைக் காட்டுவதற்கு இந்த நாட்டில் தேர்ந்தெடுத்த ஒரே குளம் கொட்டச்சேடு மலைக்கிராமத்தில், என் காப்பி எஸ்டேட்டுக்குள் இருக்கிறது. பாக்சைட் வெட்டிவிட்டுப் போன பள்ளம் அது. மழைத்தண்ணீர் நின்றது. எரிமலை வாய் என்று முதலில் சொன்னவன் நான்தான். மறுக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா, ஆதாரம் இல்லாமல் நான் பேசுவதில்லை. குளத்தில் குமிழி வந்தது. கை வைத்தால் குளிரில் விறைத்துப்போகிறதே என்று கேட்டவர்களிடம், சூடு அடியில் இருக்கிறது என்றேன். ஒப்புக்கொண்டார்கள். காப்பிப் பழத்தோலைப் பல வருஷமாக அங்கேதான் கொட்டிவந்தோம். அது அடியில் அழுகிப் புளிக்கிறது என்பது எனக்கும் தெரியும். அதனாலென்ன? எரிமலை என்றால் உள்ளே ஏதாவது பொங்கத்தான் செய்யும்.

கரையில் லாட்ஜ் கட்டினேன். திறப்புவிழாவுக்குச் சேலத்திலிருந்து பெரிய மனிதர்கள் வந்தார்கள். கடற்படையில் முக்குளித்து ஓய்வு பெற்ற ஜேசுதாஸை வரவழைத்தேன். முதுகில் காற்று உருளையோடு அவர் இறங்கி, எரிமலைக் கல்லொன்றை எடுத்துவந்து மேடையில் தர வேண்டும். காலையில் ஒருமுறை இறங்கிப் பார்த்தவர், கை நிறையக் கறுப்புச் சேற்றோடு ஏறி வந்தார்.

"ஏனுங்க, கீழ எரிமலையும் இல்ல, எழவும் இல்லீங்க. பூராக் காப்பித்தொலி. நாத்தம் தாங்கல."

மேடையில் அதைச் சொல்லவேண்டாமே என்று தன்மையாகத்தான் கேட்டேன்.

"பேசுனபடி முழுகிக் காட்டறனுங்க. யாராச்சும் கேட்டா உள்ளதத்தான் சொல்லுவேன்."

சேற்றில் கால் புதைந்தால் இடுப்புக் கயிற்றை ஆட்டுவேன், இழுத்துவிடுங்கள் என்றும் சொன்னார். கயிற்றை என் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் ராஜேந்திரன் பிடிப்பதாக இருந்தது. போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று நான் அதை வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் இறங்கினார். பூமியின் கருவறை பற்றி நான் பேசத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் கயிறு ஆடியது. ராஜேந்திரன் என் காதருகே குனிந்தார்.

"ஏனுங்க, கயிறு ஆடுதுங்களே."

"பேசிட்டிருக்கறேனில்ல."

என்னிடம் சம்பளம் வாங்குகிறவர், ஒதுங்கி நின்றார். கயிறு இன்னும் வேகமாக ஆடியது. நான் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தேன். மேலே பெரிய பெரிய குமிழிகள் வந்தன. எரிமலை மூச்சு விடுகிறது என்றேன். கைதட்டினார்கள். குமிழி நின்றதும், உறங்கப் போய்விட்டது என்று சொல்லி வணக்கத்தோடு முடித்தேன்.

விபத்து என்று எழுதாதீர்கள். சாகட்டும் என்றுதான் விட்டேன். இன்னொரு முறை அவர் இறங்கினாலும் அப்படித்தான் செய்வேன். ஒரு மனிதர் மேலே வந்திருந்தால் ஒரு எரிமலையே இல்லாமல் போயிருக்கும். அவர் சொல்லவிருந்ததைக் கேட்க அங்கே யாரும் வரவில்லை. என் பேச்சைக் கேட்கத்தான் வந்தார்கள்.

அன்று மைக் முதலிலிருந்தே வேலை செய்யவில்லை, கூட்டத்துக்கு என் பேச்சில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்று ராஜேந்திரன் உங்களிடம் சொல்லியிருக்கிறார். உண்மைதான். கரண்டு இல்லை.