நெருங்குதீண்டிலி

ஐயா, நான் சாப்பிடும்போது அதிகம் பேசுவேன். அதைத் தவிர என்னிடம் சொல்லும்படியான கெட்ட பழக்கம் எதுவும் இல்லை.

தேர்வுத் துறையில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. கூடவே கணிதக் கலைச்சொல் குழுவில் ஒன்பது வருடம் இருந்தேன். நான் முன்வைத்த பதினோரு சொற்களும் தள்ளுபடியாயின. பள்ளி ஆசிரியை ஒருவர் பிள்ளைகள் வாயில் நுழைகிற மாதிரி எதையாவது சொல்வார், எல்லோரும் தலையாட்டுவார்கள். ஒரு வளைவரை ஒரு கோட்டை நெருங்கிக்கொண்டே போகும், தொடாது. அந்தக் கோட்டுக்கு அவர் 'அணுகுகோடு' என்றார். ஐந்து நிமிடத்தில் ஒப்புக்கொண்டார்கள். என்னிடம் அதைவிட நல்ல சொல் இருந்தது: நெருங்குதீண்டிலி. பட்ட அவமானம் போதும் என்று குழுவில் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் சாப்பிடும்போது சொன்னேன்.

"மருந்துக் கடையில கேட்டா குடுப்பாங்களா?" என்றாள் மனைவி.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. "நல்லாத்தான்பா இருக்கு" என்றாள், பாவம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். எனக்குக் குஞ்சு அந்தச் சொல்தான்.

பள்ளி இறுதித் தேர்வுக் கணித வினாத்தாளின் கடைசித் திருத்தம் என் மேசைக்கு வந்தது. என் கையெழுத்து விழுந்தால் அடுத்து அச்சகம்தான். மகளும் அந்தத் தேர்வை எழுதுகிறாளா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பத்து மதிப்பெண் கேள்வியில் 'அணுகுகோடு' என்பதை அடித்துவிட்டு என் சொல்லை எழுதினேன். நல்ல சொல் தானாகப் புரியும் என்பது என் கொள்கை. நாற்பத்தோராயிரம் பேருக்குப் புரியவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டார்கள், பலர் தேறவில்லை. ஒரே ஒரு தாளில் படம் போட்டுச் சரியான விடை இருந்தது. அது என் மகளுடையது.

என் பையிலிருந்த திருத்தத் தாளை அவள் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டாள் என்று விசாரணை அதிகாரியான நீங்கள் முடிவு செய்தீர்கள். "அந்த வார்த்தை உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று நீங்கள் கேட்டபோது அவள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "தெரியும் சார்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அவளுக்கு மூன்று ஆண்டுத் தடை; எனக்குக் கவனக்குறைவுக்காக ஒரு கடிதம். அன்றிலிருந்து அவள் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. வலித்தது, சொல்வதற்கென்ன. சின்ன வயது, மூன்று வருடம் ஓடிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நேற்று உங்கள் ஆணையின் முழுப் பிரதி வந்தது. நான்காம் பத்தியில் 'பொருளற்ற அச்சுப்பிழை' என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு முறை படித்தேன். இதற்கு மேலும் எப்படிச் சும்மா இருப்பது? அது பிழை அல்ல ஐயா. ஆறு மாதம் யோசித்து நான் உருவாக்கியது. தெரிந்தேதான் மாற்றினேன். ஆணையில் அந்த வரியை மட்டும் திருத்திவிடுங்கள்.