அட்டவணைக்கு வெளியே

பெர்ல் பழைய கணினி மொழிதான். புதிதாகப் படித்து வருகிறவர்கள் அதன் பெயரைக் கேட்டாலே மூக்கைச் சுளிக்கிறார்கள். ஆனாலும் கணக்குக்கு அதில் இல்லாத மாட்யூல் இல்லை. யாரோ எழுதிச் சோதித்து வைத்த கணக்கை ஒரே வரியில் நம் ப்ரோக்ராமில் சேர்த்துக்கொள்ளலாம். விசாரிக்க வந்த உங்களுக்கு இது புரிய வேண்டும். புரியாமலேயே தலையாட்டுகிறவர்களோடு நான்கு வருடம் வேலை பார்த்தாயிற்று.

அணையிலிருந்து இவ்வளவு தண்ணீர் திறந்தால் கீழ்த்தெருவில் ஆறு எவ்வளவு ஏறும் என்று சொல்வது என் ப்ரோக்ராம். அளந்து எழுதிய அட்டவணை ஒன்று உண்டு. விநாடிக்கு எண்ணூறு கனமீட்டர் வரைக்கும். இடைப்பட்ட அளவுகளுக்கு மாட்யூல் கோடு போட்டு விடை சொல்லும். அட்டவணை முடிந்த பிறகும் சொல்லும், அதுதான் சிக்கல். கடைசிக் கோட்டை அப்படியே நேராக நீட்டிவிடும். ஆறு நேராக ஏறாது. எண்ணூறைத் தாண்டினால் தெருவுக்கு அப்பாலுள்ள பாலத்தின் வளைவுகள் அடைபட்டுத் தண்ணீர் திரும்பி ஏறும். மாட்யூலுக்குப் பாலம் தெரியாது. எனக்குத் தெரியும், நடந்து போய்ப் பார்த்திருக்கிறேன்.

அதனால் நாலு வரி சேர்த்திருந்தேன். எண்ணூறுக்கு மேல் கேட்டால் ப்ரோக்ராம் நின்றுவிடும்: ‘அளக்கப்படாத அளவு. விடை இல்லை.’

தலைமைப் பொறியாளர் அதைக் கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டினார். மூன்று தலைமுறையாகப் பொறியாளர் குடும்பம். நாற்காலி தேய்ந்த அளவுக்கு மூளை தேயவில்லை.

“தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு ப்ரோக்ராமாம்மா? அதுக்கு உங்கப்பாவையே கூட்டிட்டு வந்திருக்கலாமே.”

என் அப்பா லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்னுடையது. பதினோரு பேர் சிரித்தார்கள். அந்த வரிகளை எடுத்துவிடச் சொல்லி அவர் கையெழுத்திட்ட கடிதம் மறுநாள் வந்தது. எடுத்தேன். சொன்ன வேலையைச் செய்வதில் எனக்குக் கெட்ட பெயரே கிடையாது.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம். நான்கு நாள் மழை. ஆயிரத்து நூறு திறந்தே ஆகவேண்டும். ப்ரோக்ராம் 4.6 மீட்டர் என்றது. கரை ஐந்து மீட்டர். கீழ்த்தெருவைக் கிளப்பத் தேவையில்லை, கணக்குப் பார்த்தாயிற்று என்று தலைமைப் பொறியாளர் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பார்த்தாராம். எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்போது மதகுக்காரர் நனைந்தபடி என் மேசைக்கு வந்தார். அந்தக் கட்டடத்தில் சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்கிற ஒரே ஆள்.

“என்னம்மா, இந்த நம்பரை நம்பலாமா? என் தங்கச்சி வீடு கீழ்த்தெருவுலதான். ரெண்டு சின்னப் பசங்க. எதுக்கும் ஒரு போன் போட்டுக் கிளம்பச் சொல்லிடவா?”

“எதுக்குண்ணே மழையில அலைய விடறீங்க? கணக்குப் பாத்தாச்சு.”

அவருக்கு முகம் தெளிந்தது. நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு மதகைத் திறக்கப் போனார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்கிறீர்கள். ஒரு வீடு கிளம்பினால் தெருவே கிளம்பும். தெரு கிளம்பிவிட்டால் வெள்ளம் வந்தாலும் யாரும் விசாரிக்கமாட்டார்கள், எண் தப்பு என்பதும் தெரியாது. சுவர் இடிந்தது, பாத்திரம் போயிற்று என்று ஒரு பத்தி எழுதி மூடியிருப்பார்கள். தலைமைப் பொறியாளர் அதே நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவளைப் பார்த்துச் சிரித்திருப்பார். இப்போது சிரிக்கவில்லை, பார்த்தீர்களா.

செத்தவர்கள் பத்தொன்பது பேர் என்கிறீர்கள். மதகுக்காரரின் தங்கையும் சின்னவனும் அதில் உண்டு என்பது தெரியும். அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ப்ரோக்ராமில் ஒரு எண்ணையும் நான் பொய்யாக எழுதவில்லை.

இந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். மதகுக்காரர் வந்து கேட்பதற்கு இருபது நிமிடம் முன்பே, பாலத்தையும் சேர்த்துக் கையால் போட்ட கணக்கு. 6.1 மீட்டர். சுவர்களில் உங்கள் ஆட்கள் அளந்த சேற்றுக்கோடும் அதுதானாமே. என்மேல் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரு வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்: அந்த அலுவலகத்தில் அன்றைக்குக் கணக்கைச் சரியாகப் போட்டது நான் ஒருத்திதான்.