அஃப்ராவின் தொடை எலும்பு

— வெட்டிட்டியா இர்மா? என்னை ஒரு வார்த்தை கேக்காம, அஃப்ராவோட எலும்பை வெட்டிட்டியா?

— கத்தாத, எக்கார்ட். மியூசியத்துல எலும்பை அறுத்துப் பாக்குறதுதானே என் வேலை? தொடை எலும்பு நடுவுல மெல்லிசா ஒரு சில்லு, அவ்வளவுதான்.

— அடிப்பாவி! நெக்கார் ஆத்தங்கரைக் குவாரியில முட்டி தேய உக்காந்து தோண்டினவன் நான். ட்ரயாசிக் காலத்துலேர்ந்து, இருபது கோடி வருஷத்துக்கு மேல சும்மா கிடந்த பல்லிக்காலுக்கு இன்னிக்குத்தான் உன் ரம்பம் கேட்டுச்சா?

— அடுத்த மாசம் பெர்லின்லேர்ந்து ஆளு வர்றாங்க, அவங்க வெட்டத்தான் போறாங்க. முன்னப்பின்ன தெரியாதவங்க கை படறதுக்குப் பதிலா என் கை படட்டும்னுதான். கேளு முதல்ல. இந்தா, லென்ஸ் வழியா பாரு. வருஷத்துக்கு ஒரு கோடு விழணும், மரத்துல மாதிரி. எங்க கோடு?

— சில்லைச் சரியா தேய்ச்சு மெல்லிசாக்கியிருக்க மாட்டே.

— நானா? முப்பது வருஷமா தேய்க்கிறேன். ஒரு கோடுகூட இல்ல. ஒரு வயசுகூட ஆகல அதுக்கு.

— அட போம்மா. அதே குவாரியில முன்னாடி கிடைச்ச பெரிய பல்லி இருக்கே, அந்தப் பெருசுக்குத் தொடையில தசை ஒட்டுற மேடு இருக்கு, இதுக்கு இல்ல. அதை வெச்சுத்தானே தனி இனம்னு பிரிச்சு அஃப்ரான்னு பேரு வெச்சேன்?

— ஓடியாடினாத்தானே மேடு வரும்? இது பெருசோட குட்டி, எக்கார்ட்.

— குட்டின்னு சொல்லாத!

— உனக்கே தெரியும்.

— எனக்கு ஒண்ணும் தெரிய வேணாம். எட்டு மாசத்துல நம்ம பொண்ணைக் குழியில வெச்சோம். அவ பேரு வெச்ச ஒண்ணாவது முழுசா வளர்ந்து, வாழ்ந்து செத்ததா இருக்கட்டும்னு நினைச்சேன். தப்பா அது?

— தப்பில்லப்பா.

— இடத்தோட வாடகைக் கெடு முடிஞ்சுதுன்னு கல்லறையையும் எடுத்துட்டாங்க. கெஞ்சினோம், நீட்டித் தரலை. இப்ப அங்க வேற யாரோ படுத்திருக்காங்க. அவ பேரு எழுதியிருக்கிற ஒரே இடம் இந்த எலும்புதான் இர்மா. ரெண்டும் ஒரே இனம்னு எழுதிட்டா அதுவும் போச்சு.

— ஒரே இனத்துக்கு ரெண்டு பேரு இருந்தா, முதல்ல வெச்ச பேருதான் நிக்கும். அது விதி.

— பெத்தவ நீயே வாய் கூசாம சொல்றே பாரு.

— முழுசா அழிக்க மாட்டாங்க. இனப் பட்டியல்ல பெருசோட பேருக்குக் கீழ, சின்ன எழுத்துல, அவ பேரையும் போட்டு வெப்பாங்க. யாரு எப்ப அந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இருக்கும்.

— கீழ! இன்னொண்ணுக்குக் கீழ!

— அந்தப் பெருசுக்கு யாரு பேரு வெச்சது?

— நான்தான். நம்ம கல்யாணம் ஆன வருஷம்.

— யாரு பேரை வெச்சே?

— ...உன் பேரை.

— அப்ப அவ எங்கிட்டதானே வர்றா?