மீட்டரில் காட்டாதது

இந்த அறையின் மின்விசிறி ஆடுகிறது, ஐயா. மேலே ஏதோ திருகு தளர்ந்திருக்கும். நான் லிஃப்ட் மெக்கானிக். இப்படி எதையாவது பார்த்தால் கை சும்மா இருக்காது. நீங்கள்தான் விலங்கு போட்டுவிட்டீர்கள். பரவாயில்லை, ஆடட்டும்.

இறந்தவர் என் அக்காவின் கணவர். பதினொரு வருடமாக ஒன்றாகத்தான் வேலை பார்த்தோம். நல்ல மனுஷன் என்று ஊரே சொல்கிறது. 'நல்ல' என்றால் என்ன என்று திருப்பிக் கேட்டால்தான் ஆளாளுக்கு மேலே பார்க்கிறார்கள்.

மீட்டர் வைத்துப் பார்க்காத எதையும் நான் நம்புவதில்லை. கம்பியின் இரு முனையிலும் வைத்தால், இணைப்பு இருந்தால் 'பீப்' சத்தம் வரும். இல்லாவிட்டால் வராது. 'கொல்வது தப்பு' என்கிறீர்களே, அதை எங்கே வைத்துப் பார்த்தீர்கள்? இறந்தவருக்கு எடை இருந்தது, உயரம் இருந்தது. தப்பு என்று தனியாக ஒரு சாமான் அங்கே கிடக்கவில்லை. குனிந்தே பார்த்தேன்.

மாமாவிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். சிரிப்பார்.

"அப்போ உன் சாப்பாட்டை நான் எடுத்துத் தின்னா?"

"தின்னுங்க மாமா. எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். தப்புன்னு சொல்ல மாட்டேன்."

அவ்வளவு பெருந்தன்மையான ஆள் நான்.

செவ்வாய்க்கிழமை காலை, மாமா லிஃப்ட் குழிக்குள் ஏணி மேல் நின்றிருந்தார். சுவிட்சை அணைத்து, 'ஆள் வேலை செய்கிறார், போடாதே' என்ற அட்டையை அவரே மாட்டியிருந்தார். 'போடாதே' என்பது உண்மையுமல்ல, பொய்யுமல்ல, வெறும் அதட்டல். அட்டையைக் கழற்றி, மடங்காமல் சுவரோரம் சாய்த்து வைத்தேன். சுவிட்சைப் போட்டேன். கீழ்த்தளத்துப் பொத்தானை அழுத்தினேன். லிஃப்ட் சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கி வந்தது.

நேற்று அக்கா வந்தாள். அழவில்லை.

"தப்பு பண்ணிட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுடா. அதை வச்சுக்கிட்டு மிச்ச நாளை ஓட்டிடுவேன்."

சொல்லியிருக்கலாம், காசா பணமா? ஆனால் இல்லாததை இருக்கிறது என்றால் அது பொய். கூடப்பிறந்தவளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போனாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஏன் செய்தாய் என்று நாலாவது தடவையாகக் கேட்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். அன்று காலை என் பையைத் திறந்தால் மீட்டரைக் காணோம். மாமா எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கியிருந்தார். இது மூன்றாவது தடவை. எட்டிப் பார்த்துக் கேட்டதற்கு, "நம்ம மீட்டர்தானேடா" என்றார். நம்ம மீட்டராம்.

சுவிட்சைப் போட்டது நான்தான். தெரிந்தேதான் போட்டேன். ஆனால் ஐயா, அடுத்தவன் பொருளை ஒரு வார்த்தை கேட்காமல் எடுக்கலாமா? அது தப்பில்லையா?