தேசப்பன் சாமியின் லத்தீன் நடை

மந்தைவெளியில் என் அறையிலிருந்து சாந்தோம் கடற்கரைக்கு மெல்ல நடந்தால் அரை மணி நேரம் ஆகும், இன்ஸ்பெக்டர் ஐயா. பதினோரு வருஷம் சனிக்கிழமைதோறும் அப்படி நடந்திருக்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் நானும், கத்தோலிக்கக் குருவான தேசப்பன் சாமியும் லத்தீன் வாத்தியார்கள். மணலில் உட்கார்ந்து பழைய ரோமாபுரி உரைநடையைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்போம். எழுதியவன் வினைச்சொல்லை ஏன் கடைசிவரை பொத்தி வைத்தான், இணைப்புச் சொல்லை எங்கே வேண்டுமென்றே விட்டான் என்று பேச்சு போகும். மற்ற ஆறு நாளும் வகுப்புக்கு வெளியே எனக்குப் பேச ஆள் கிடையாது. பெண்டாட்டி பிள்ளை இல்லை. லத்தீன் படித்தவனை இந்த ஊரில் யார் சீண்டுகிறார்கள்?

1934 தை மாதம், குருவாகப் படிப்பவர்களுக்குப் பாடம் நடத்த அவரை இலங்கையில் ஒரு குருமடத்துக்கு மாற்றி உத்தரவு வந்தது. அவர் சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார். நான் மீதமிருந்த சனிக்கிழமைகளை எண்ணிப் பார்த்தேன்.

அந்த மாதமே அவருடைய துறவற சபையின் தலைவருக்கு டைப் அடித்த லத்தீன் கடிதம் ஒன்று போனது. தமக்கு விசுவாசம் போய்விட்டது, பூசை வைக்கவே கை கூசுகிறது என்று தேசப்பன் சாமி பெயரில் எழுதியிருந்தது. அவரோ, நான் எழுதவே இல்லை என்றார். தலைவர், நடையை ஆராய்ந்து உண்மையைச் சொல்லும்படி என்னைக் கேட்டுக்கொண்டார். அதற்கு என்னை விட்டால் வேறு ஆளும் இல்லை.

நான்கு பக்க அறிக்கை கொடுத்தேன். மூன்று தொடர்களை அடுக்கினால் ஒவ்வொன்றும் முந்தியதைவிட நீளமாக வரும். வாக்கியம் முடியும் இடத்தில் நெடில், குறில், நெடில் என்று ஒரே தாளம் விழும். அத்தனையும் தேசப்பன் சாமியின் நடைதான் என்று எழுதினேன். அறிக்கையில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

விசுவாசம் போனவரைக் குருமடத்துக்கு அனுப்புவார்களா, மாற்றல் ரத்தானது. நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான். அவர் பூசை வைக்கவும் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை அவர் கடிதத்தின் நகலோடு கடற்கரைக்கு வந்தார். முகம் வற்றியிருந்தது.

“மாசிலாமணி, இதைப் பத்து தரம் படிச்சிட்டேன். என் நடைதான்யா இது. தை மாசம் காய்ச்சல்ல கிடந்தேனே, அப்போ நான்தான் எழுதிட்டேனோ?”

“எழுதியிருப்பீங்க சாமி,” என்றேன்.

தலையாட்டிக்கொண்டார். அப்புறம் இரண்டு மாதம், சனிக்கிழமை என்றில்லாமல் தினமும் சாயங்காலம் என்னோடுதான் இருந்தார். வேறு யாரும் அவரோடு பேசவில்லை. என் வாழ்நாளில் நான் அவ்வளவு நிறைவாக இருந்ததில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சித்திரையில் ஒரு காலை, கட்டுமரக்காரர்கள் அவர் உடலைக் கரையில் கொண்டுவந்து கிடத்தினார்கள்.

குப்பத்தில் மீன் விற்கும் அவர் தங்கை அந்தோணியம்மாள் என் அறைக்கு வந்தாள்.

“சாமியண்ணன் தனியாவே கெடந்துச்சு சார். உன்ன வுட்டா அதுக்கு யாரு இருந்தா? நீ நல்லா இருக்கணும்,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான். பள்ளிக்கூட டைப்ரைட்டரில் அடித்தேன். ஒன்பது நாள் திருத்தினேன். பதினோரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவனுக்கு அது பெரிய கஷ்டமில்லை. போகாதீர்கள் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டிருக்கலாம். கேட்ட பிறகும் அவர் போயிருந்தால் நான் என்ன செய்வது?